பெரிய மனுஷன் வந்தால் மழை வரும்

பதுளை ரயிலில் ஒரு விசேஷம் உண்டு. அதில் பதுளைக்குப் போகிற டூரிஸ்டுகள் ரொம்பக் குறைவு. கொழும்பு கோட்டையிலிருந்து சுமார் பத்து மணி நேரம், வாசலில் தொங்கி ஃபோட்டோ எடுத்தபடியே வந்த வெள்ளைக்காரக் கூட்டம், எல்ல ஸ்டேஷன் வந்ததும் மொத்தமாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு தெமோதரை, உடுவரை, ஹாலிஎல, பதுளை. நாலே ஸ்டேஷன். ஊரின் பெயர் எல்ல. அவர்களுக்கு அதுவே எல்லை.

நான் கடைசி வரை போவது என்று முடிவு செய்திருந்தேன். வரலாற்று ஆர்வம் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மை என்னவென்றால், பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமா வீடு இருக்கிறது. ரூம் வாடகை மிச்சம்.

எதிர் சீட்டில் ஒரு ஜெர்மன் தம்பதி. ஊர் வீஸ்பாடனாம். அந்தப் பக்கத்து நடுத்தர ஊர்களுக்கு ஒரு ஃபார்முலா உண்டு என்று கேள்வி: நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தில் ஒரு சர்ச், சர்ச்சுக்கு எதிரே குதிரைமேல் ஒரு பிரபு, பிரபுவின் தலையில் ஒரு புறா. "பதுளையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று அந்த அம்மா கேட்டார். ஊவா மாகாணத் தலைநகரின் மானம் என் கையில். "உங்கள் ஊரில் இருப்பது எல்லாம் உண்டு. கோயில், போர், பிரபு. புறாவுக்குப் பதில் மின்னல்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்காவது விளக்கிவிடுகிறேன். ஊவாவின் சரித்திரம் மொத்தமும் ஒரே கதைதான். இந்த மலைக்குப் பெரிய மனுஷன் என்று எவர் ஏறி வந்தாலும், மலை கொஞ்ச நாள் சும்மா வேடிக்கை பார்க்கும். பிறகு உச்சந்தலையில் ஒரு குட்டு வைக்கும். மழையாக வைக்கும், மின்னலாக வைக்கும், கண்ணுக்கே தெரியாத பூஞ்சணமாகக்கூட வைக்கும். குட்டு வாங்கியவருக்கு நாம் பிறகு ஒரு நினைவுச்சின்னம் கட்டிக்கொடுப்போம்.

ரயில் வருகிற வழியிலேயே எண்ணிக்கொண்டு வரலாம். முதலில் அப்புத்தளை. முதல் ஆள், சேர் தோமஸ் லிப்டன்.

ஆமாம், அந்த லிப்டன்தான். டீ பேக்கெட்டில் இருப்பவர். கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்திருந்தவர்; நம் பாஷையில் கடை முதலாளி. விளம்பரத்தில் புலி. 1881 கிறிஸ்மஸுக்கு ராட்சத சீஸ் கட்டி ஒன்றை வரவழைத்து, அதற்குள் தங்கக் காசுகளைச் செருகி, ஊரையே கடை வாசலில் வரிசையில் நிறுத்தினார். சூப்பர் மார்க்கெட் லக்கி டிராவுக்கெல்லாம் இவர்தான் கொள்ளுத் தாத்தா. ஒரே வித்தியாசம், நம் லக்கி டிராவில் பல் உடைகிற ஆபத்து இல்லை.

1890 இல் இலங்கைக்கு வந்தார். கோப்பி அழிந்து தோட்டங்கள் மலிவு விலைக்குக் கிடந்த நேரம். தம்பேதென்னை உட்பட அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கிப்போட்டார். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கேத்தலுக்கு என்ற மாதிரி ஒரு விளம்பரம் செய்தார். அந்த 'நேரே' இருக்கிறதே, அதுதான் உலகத்திலேயே நீளமான சொல். விடிகாலைப் பெரட்டு, கொழுந்துக் கூடை, அட்டைக்கடி, நிறுவைத் தராசு, ஸ்டோர், ரயில், கப்பல் எல்லாம் அதற்குள் அடங்கி ஒளிந்துகொண்டன. வெளியே தெரிந்தது லிப்டன் மட்டும்.

தம்பேதென்னைக்கு மேலே ஒரு முனை. அங்கே உட்கார்ந்து தன் சாம்ராஜ்யத்தைப் பார்ப்பாராம். இன்றைக்கும் அங்கே சிலையாக உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் நம்மவர்கள் தோளில் கை போட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். பிந்தினால் பனி மூடி, சாம்ராஜ்யம் மொத்தமும் வெள்ளைத் துணியாகிவிடும்.

இவருக்கு மலை வைத்த குட்டு கொஞ்சம் தூரத்தில், கடலில் விழுந்தது. அமெரிக்காஸ் கப் என்ற பாய்க்கப்பல் போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. 1899 இல் தொடங்கி 1930 வரை ஐந்து தடவை போட்டியிட்டார். ஐந்து கப்பலுக்கும் ஷாம்ரொக் என்றே பெயர் வைத்தார். ஐந்தும் தோற்றன. உலகத்தார் கோப்பையை எல்லாம் நிரப்பியவருக்கு ஒரு கோப்பை கிடைக்கவில்லை! மனசு கேட்காமல், வில் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைக்காரர் ஊரெல்லாம் காசு சேர்க்க வைத்து இவருக்குத் தங்கத்தில் ஆறுதல் கப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சிரிக்க வைக்கிறவனுக்குத்தான் தோற்றவன் முகம் தெரியும்.

இந்த ரோஜர்ஸ் நல்லவர். அப்புத்தளைக்கு இன்னொரு ரோஜர்ஸ் உண்டு. பெயர் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையின் உதவி அரசாங்க அதிபர், நீதிபதி, ராணுவ அதிகாரி, ரோடு போட்டவர். இத்தனை உத்தியோகமும் அவருக்குப் பார்ட் டைம். முழு நேரத் தொழில், யானை சுடுவது.

எத்தனை யானை? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1,400 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தினம் ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாமல் சுட்டாலும் கிட்டத்தட்ட நாலு வருஷம் பிடிக்கும். 2011 இல் நாடு முழுக்க யானைகளை எண்ணியபோது வந்த கணக்கு 5,879. அதில் கால்வாசி அளவை ஒரு மனுஷன் தனியாக முடித்திருக்கிறார். அந்தக் காலத்துக் கந்தோர் வேலையில் எவ்வளவு ஓய்வு நேரம் இருந்தது என்று நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

1845 ஜூன் 7. அப்புத்தளை. இடியும் மழையும். மழை விட்டதா என்று பார்க்க மேஜர் விறாந்தைக்கு வந்தார். வானத்தைப் பார்த்து, "எல்லாம் முடிந்துவிட்டது" என்று சொன்னாராம். மலை அதை உத்தரவாக எடுத்துக்கொண்டது. ஒரே மின்னல். யானைகள் தரப்பில் அன்றைக்கு இரங்கல் கூட்டம் நடந்ததாகத் தகவல் இல்லை.

அவரை நுவரெலியாவில் புதைத்தார்கள். அந்தக் கல்லறையிலும் அப்புறம் மின்னல் விழுந்தது என்று ஊரார் இன்றைக்கும் சொல்கிறார்கள். 1,400 ஃபைல் இருக்கிறதல்லவா, ஒரே ஹியரிங்கில் முடியாது.

அதே அப்புத்தளையில் அதிஷம் பங்களாவும் இருக்கிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ், இங்கிலாந்துப் பிரதமராக இருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் பேரன். ஊர் ஞாபகம் தாங்காமல் 1931 இல் கென்ட் பக்கத்துப் பாணியில் ஒரு கல் மாளிகை கட்டி, அங்கிருக்கும் கிராமத்தின் பெயரையே வைத்தார். அவர் போனார், பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்தார்கள். இன்றைக்கு அங்கே போகிறவர்களிடம் வில்லியர்ஸ் யார் என்று கேளுங்கள், தெரியாது. ஸ்ட்ரோபெரி ஜேம் என்ன விலை என்று கேளுங்கள், டக்கென்று சொல்வார்கள்.

அடுத்தது தியத்தலாவை. எதிர் சீட்டு அம்மாவிடம், "உங்கள் வீஸ்பாடன்காரர் ஒருவர் இங்கே தங்கியிருந்தார், தெரியுமா?" என்றேன். முகம் மலர்ந்தது. "எந்த ஹோட்டலில்?" ஹோட்டல் இல்லை அம்மா, முகாம். அன்டன் கியூத் என்று வீஸ்பாடனில் பிறந்து, இலங்கையில் ஞானதிலோக தேரர் என்ற பிக்குவானவர். முதலாம் உலக யுத்தம் வந்ததும், காவியுடை இருந்தால் என்ன, பாஸ்போர்ட்டில் ஜெர்மனி இருக்கிறதே என்று பிரிட்டிஷார் தியத்தலாவையில் அடைத்தார்கள். இரண்டாம் யுத்தத்திலும் மறுபடி அதே இடம். உலகப் பற்றைத் துறந்தவரை உலகம் இரண்டு தடவை துரத்திப் பிடித்தது.

அவருக்கு முன்னால், 1900 இல், தென்னாபிரிக்காவிலிருந்து போயர் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். சுமார் 5,000 பேர். யுத்தம் முடிந்ததும் ராஜ விசுவாசச் சத்தியம் செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எங்கெல்பிரெக்ட் என்ற ஒருவர் மாட்டேன் என்றுவிட்டார். சரி, இங்கேயே இரு என்று யால காட்டுக்குக் காவல் அதிகாரி ஆக்கினார்கள். 1914 இல் சென்னையில் குண்டு போட்டதே எம்டன் கப்பல், அதற்கு ரகசியமாக இறைச்சி சப்ளை செய்தார் என்று பழி போட்டு இவரை மறுபடி உள்ளே வைத்தார்கள். அப்புறம் எம்டன் கப்டனே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் பழி நீங்கியது. சத்தியம் செய்ய மறுத்த ஒரே குற்றத்துக்கு இத்தனை வருஷ மாட்டு வியாபாரப் பட்டம்!

எல்ல வந்தது. வீஸ்பாடன் தம்பதி இறங்கியது. ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகிறார்களாம். முதலாம் யுத்தத்தில் இரும்பையெல்லாம் பீரங்கிக்கு எடுத்துக்கொண்டதால், அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் இரும்பே இல்லாமல் கட்டினார் என்பது ஊர்க்கதை. முதல் ரயில் போகும்போது நான் பாலத்துக்குக் கீழே படுத்துக்கொள்கிறேன் என்று பந்தயமும் கட்டினாராம். என்ஜினியர்களின் காகிதங்களில் வேறு கதை இருக்கிறது. ஆனால் காகிதத்துக்குக் கீழே யாரும் படுத்ததில்லை என்பதால் ஜனங்கள் அப்புஹாமியை நம்புகிறார்கள்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். தெமோதரை.

ரயில் ஒரே மூச்சில் இறங்க முடியாத சரிவு. துரைமார் படம் வரைந்து வரைந்து கிழித்தார்கள். அப்போது ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டினாராம். ஒரு சுற்று சுற்றி, முனையைக் கீழே செருகினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என்ஜினியருக்குப் பொறி தட்டியது. ரயிலையும் அப்படியே மலையைச் சுற்ற வைத்து, மேலே ஸ்டேஷனைக் கட்டி, அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் குடைந்து விட்டார்கள். இன்றைக்கும் தெமோதரையில் நின்ற ரயில், கொஞ்ச நேரத்தில் தான் நின்ற இடத்துக்குக் கீழே போகிறது. தன் வாலைத் தானே எட்டிப் பார்க்கிற ரயில்!

அந்த என்ஜினியர் விமலசுரேந்திர என்று சிலர், இல்லை வெள்ளைக்காரர் என்று சிலர். என்ஜினியர் யார் என்பதற்குத்தான் இத்தனை சண்டை. கங்காணியின் பெயரைப் பற்றி ஒருத்தரும் சண்டை போடவில்லை. போடவும் முடியாது. தலைப்பாகை சரித்திரத்தில் ஏறியது, தலை ஏறவில்லை.

1924 இல் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. நானும் வந்து சேர்ந்தேன். நமுனுகுலை மலை, பதுளு ஓயா, பஸ் ஸ்டாண்ட் சத்தம், சுடச்சுட ரொட்டி. ஊர் நடுவில் கதிர்காம தேவாலயம், ஓயாப் பக்கம் முதியங்கண விகாரை. புத்தர் பெருமான் பாதம் பட்டதாகக் கும்பிடப்படும் பதினாறு தலங்களில் ஒன்று. அங்கே மட்டும் கேலி கிடையாது. செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் கழற்றி வைத்தேன்.

வெளியே வந்ததும் மாட்டிக்கொண்டேன். சரித்திரத்தில் பதுளைக்கு வந்த மோசமான டூரிஸ்ட் யார் தெரியுமா? கொன்ஸ்தந்தீனு டி சா. போர்த்துக்கேய கப்டன் ஜெனரல். 1630 இல் வந்தார்.

ஏன் வந்தார்? மேலிடத்துத் திட்டு. கோவாவில் இருந்த வைஸ்ரோய், நீ நாடு பிடிக்கப் போனாயா, வியாபாரம் பண்ணப் போனாயா என்ற தோரணையில் கடிதம் எழுதிவிட்டார். ஒஃபீஸ் குரூப்பில் எல்லார் முன்னாலும் பாஸ் திட்டியது போல. ரோஷம் வந்த மனுஷன் படை திரட்டி மலையேறி, பதுளையை எரித்தார். எதிர்ப்பே இல்லை. எதிர்ப்பு இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெல. கண்டி ராஜகுமாரர்கள் சுற்றி வளைத்தார்கள். அவருடைய சொந்தப் படையின் முதலியார்கள் நாலு பேர், தொன் பட்டமும் ஞானஸ்நானப் பெயருமாகப் பளபளத்தவர்கள், அந்தப் பக்கம் தாவினார்கள். சரி, துப்பாக்கியாவது இருக்கிறதே என்றால், மழை. ராத்திரி முழுக்க ஊவா மழை. மருந்து நனைந்து, சாம்ராஜ்யத்தின் துப்பாக்கிகள் எல்லாம் ஊதுகுழல் ஆயின. டி சா அங்கேயே மடிந்தார். ஒரு கடிதத்துக்குப் பதில் கடிதம் எழுதியிருந்தால் போதும்.

அடுத்து சென் மார்க்ஸ் சர்ச். 1857 இல் கட்டியது. யார் ஞாபகார்த்தமாக? நீங்கள் ஊகித்தது சரி. நம்ம மேஜர் ரோஜர்ஸ். எல்லா வகுப்பாரும் காசு போட்டுக் கட்டியதாகக் கல்வெட்டு. அமைதியான, அழகான சின்ன சர்ச். நான் உள்ளே இருந்த பத்து நிமிஷமும் கூரையில் இடிதாங்கி இருக்கிறதா என்ற யோசனையைத் தவிர வேறு பக்தி வரவில்லை.

பதுளைக்காரர்கள் மரியாதையோடு சொல்லும் இன்னொரு பெயர் கெப்பெட்டிப்பொல. 1817 இல் ஊவாவில் கலகம் வெடித்தது. தொடக்கி வைத்தவர் வில்பாவ என்ற ஊர்க்காரர், முன்னாள் பிக்கு. தன்னை ராஜா என்று நம்பவைக்க அவர் சொன்ன பெயர் துரைசாமி! வேலூரில் சிறையிருந்த கண்டி ராஜாவின் நாயக்கர் சொந்தமாம். யோசித்துப் பாருங்கள், இந்த மலையில் ஒரு சிங்கள ஆள் ராஜாவாக வேண்டுமென்றால் துரைசாமி என்று பெயர் வைக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. சாயம் வெளுத்ததும் கூட்டாளிகளே அவரைக் காலில் தொழு மாட்டி உட்கார வைத்தார்கள்.

பதுளையின் பிரிட்டிஷ் அதிகாரி வில்சன் கொல்லப்பட்டதும், கலகத்தை அடக்கப் பிரிட்டிஷார் அனுப்பிய ஆள்தான் திசாவை கெப்பெட்டிப்பொல. அவர் நேரே போய்க் கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டார். அதில் புதுமை இல்லை, முதலியார்கள் செய்ததுதான். புதுமை என்னவென்றால், பிரிட்டிஷார் கொடுத்த துப்பாக்கிகளை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டுச் சண்டைக்கு நின்றார். வேலையை விட்ட அன்றே கொம்பெனி லேப்டொப்பை சார்ஜரோடு ஒப்படைத்த ஒரே மனுஷன்.

1818 நவம்பரில் தலையை வெட்டினார்கள். ஊவாவின் வயலையும் வீட்டையும் எரித்தது தனிக் கதை. அதில் சிரிக்க எதுவுமில்லை. மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோனார்கள், மண்டை மேட்டை அளந்தால் குணம் தெரியும் என்ற அந்தக் காலத்து விஞ்ஞானத்துக்காக. 1954 இல்தான் திரும்பி வந்தது. அவர் துப்பாக்கியை உடனே திருப்பிக் கொடுத்தார். அவர்கள் தலையைத் திருப்பிக் கொடுக்க 136 வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

சாயந்தரம் மாமாவின் தோட்டத்துக்குப் போனேன். பசறை தாண்டினால் மடுல்சீமை. கோப்பித் துரைமாரின் குட்டு விழுந்த இடம் அது. 1869 இல் அந்தப் பக்கத்துக் கோப்பி இலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். வாய்க்குள் நுழையாததால் துரைமார் அதற்கு 'நாசக்கார எமிலி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். செல்லம் கொஞ்சி முடிப்பதற்குள் எமிலி நாட்டின் கோப்பியை எல்லாம் தின்றுவிட்டாள். 1884 இல் ஒரு பெரிய பேங்கே சாய்ந்தது. பங்களா, குதிரை, விருந்து எல்லாம் ஒரு புள்ளியில் முடிந்தன. முற்றுப்புள்ளி என்றால் இதுதான்.

அதன் பிறகு தேயிலை. தேயிலையோடு பெரிய கங்காணியின் பவிசு. கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. ஆள் பிடித்து வந்து, கடனைத் துண்டில் எழுதி, ஆட்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டவர். 1921 இல் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. நம்ம ஆள் என்பதற்காக அவரை மட்டும் விட்டுவைக்கக் கூடாது அல்லவா?

லயத்து வாசலில் அம்மாயி உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் கொழுந்தெடுத்த கை. சாயத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் வந்தன. மழை ஆரம்பித்தது. நான் சேகரித்து வந்த பெரிய மனுஷர்களை ஒவ்வொருத்தராக எடுத்துவிட்டேன். மாமா, "அப்புடியா மாப்ள" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார். அம்மாயி அசையவில்லை.

ரோஜர்ஸைச் சொன்னபோது மட்டும், "அது எந்த டிவிசன் தொரை?" என்றார்.

"தொரை இல்ல அம்மாயி. 1,400 யானை சுட்டவர். இடி விழுந்து செத்தவர். பதுளைல சர்ச் கட்டியிருக்காங்க."

"சரி, அவன விடு. அந்தத் தலப்பாவ அவுத்துக் கட்டுனான்னியே ஒரு கங்காணி, அவன் பேரென்னா?"

"பேரு தெரியாது அம்மாயி. யாரும் எழுதி வைக்கல."

வெளியே நமுனுகுலைப் பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. அம்மாயி கருப்பட்டியைக் கடித்துக்கொண்டார்.

"அதுவும் நல்லதுக்குத்தான். பேரு தெரிஞ்சா இடி தேடிக்கிட்டு வந்துரும்."